ஐந்து நிமிட முறை

மொந்தேவிதேயோவில், பளிங்குத் தூண்களின் நடுவே,
ஐந்து நிமிடம் சுருக்கெழுத்து எழுதுவேன்.
பிறகு ரமிரோ வந்து உட்காருவான்.
நான் எழுந்துபோய்த் தட்டச்சு செய்துவிட்டுத் திரும்பும்போது
வாக்கியம் வேறு யாருடைய வாயிலோ இருக்கும்.
என் நாட்டின் சட்டங்களை நான் அறிந்தது இப்படித்தான்:
நடுவில் தொடங்கி
நடுவில் முடித்து.

ஆகஸ்ட். புதன்கிழமை. விடாத மழை.
ஏழாம் பிரிவில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று எழுந்தார்
எதெல்வினா பிரிட்டோஸ்.
முப்பத்து மூன்று என்றே பெயர்கொண்ட ஊரின் உறுப்பினர்
(நிதிக்குழுவில் அதை வைத்தே கேலி செய்வார்கள்).
கலைஞர் இல்லை. மாடுகளுக்கு ஊசி போட்டவர்.
பாடச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவார்.

வரி இவ்வளவுதான்:
"ஒத்திகை நாளும் வேலை நாளே."

ஓய்வூதியக் கணக்கில்
மேடையேறிய இரவுகள் மட்டும்தான் நாள்.
பதினோரு இரவு நடந்த நாடகத்துக்குப்
பின்னால் கிடக்கும் தொண்ணூறு பகலும்
சும்மா இருந்ததாகப் பதிவாகும்.

என் இரண்டாம் முறை வந்தபோது
ஒலாஸ்கோவாகா கேட்டுக்கொண்டிருந்தார்:
"யார் போய்ப் பார்ப்பது? சமையலறையில் நடந்தால்?
குளிக்கும்போது வசனம் சொன்னால், அதுவும் வேலையா?"
(சிரிப்பு) என்று எழுதினேன்.
இரவில் வானொலிச் செய்தியைக் கேட்டுக்கேட்டு
நானும் எழுதிப் பார்க்கிறேன், கை மந்தமாகிவிடாதிருக்க,
பத்தொன்பது வருஷமாக.
யாரிடமும் சொன்னதில்லை.

பிரிட்டோஸ் சிரிக்கவில்லை.
சர்க்கஸ் கயிற்றில் ஏறிய ஒருவனைப் பற்றிச் சொன்னார்,
செவ்வாய் காலை பத்து மணிக்கு விழுந்தவன்,
காலி நாற்காலிகளின் முன்னால்.
வேலை நாள் அல்ல என்று காப்பீடு கைவிரித்தது.
"அன்று பார்வையாளர் இல்லை என்பது
எலும்புக்குத் தெரியுமா?"
இப்படி இந்த ஆண்டு மட்டும், என்று தொடங்கி,
தாளைப் புரட்டினார்.
மழையில் நனைந்த தாள். எண் கரைந்து
நீலமாகப் பரவிக் கிடந்தது.

நின்றுவிட்டார்.

பேனா காற்றில் நிற்க நிமிர்ந்து பார்த்தேன்.
மாடத்தில் இரண்டாம் வரிசை, சாம்பல் கோட்டு அணிந்த பெண்.
உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"நூற்றுப் பதினெட்டு" என்றார் பிரிட்டோஸ்.

பிறகுதான் தெரிந்தது அவள் யாரென்று.
மேடைக்கு அடியில், ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து
மறந்தவர்களுக்குச் சொல்லை எடுத்துக் கொடுப்பவள்.
இருபத்தாறு வருஷம்.
ஒரு சுவரொட்டியிலும் பெயர் கிடையாது.
மாடத்தில் இருப்போர் பேசக்கூடாது என்பது விதி.
அவள் பேசவில்லை.
நான் எண்ணை மட்டும் எழுதினேன்.
ரமிரோ வந்து உட்கார்ந்தான்.

முடிவை நடைபாதையில்தான் கேட்டேன். இரண்டு வாக்கில் வெற்றி,
ஒரு சொல் கூடுதலாக:
"ஒத்திகை நாளும் அரை வேலை நாளே."
சிலர் கட்டிக்கொண்டார்கள். ஊன்றுகோலோடு வந்த ஒருவன்
எந்த அரை, என்று கேட்டான்,
இடதா வலதா.

சாயங்காலம் பதிவைச் சரிபார்க்க வந்தார் பிரிட்டோஸ்,
அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
ஒரு காற்புள்ளியைத் திருத்தினார்.
"இங்கே நின்றுபோனேனே, அது எங்கே?"
"சிரிப்புக்கு எங்களிடம் குறி உண்டு.
கைதட்டலுக்கு உண்டு. அதற்கு இல்லை."
கொஞ்சம் உறிஞ்சினார். கையெழுத்துப் போட்டார்.
"மீதி அரையை அடுத்த வருஷம் கேட்கவேண்டும்"
என்றது என்னிடமா, குடுவையிடமா, தெரியாது.

வெளியே இன்னும் மழை.
மழை நாளில் பொரிக்கும் ரொட்டியை
தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கிக்கொண்டு
தார்ப்பாய்க்கு அடியில் இருவரும் நின்றார்கள்,
அவரும் சாம்பல் கோட்டுக்காரியும்,
வாயில் ரொட்டியோடு, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு.
தெருவுக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை.
கோட்டுப் பைக்குள் என் விரல்கள் மட்டும்
எழுதிக்கொண்டிருந்தன.